நலம், நலமறிய ஆவல்

நம் வீட்டுப் பெரியவர்கள் கடிதம் எழுதுகிற அழகே தனி. இவ்விடம் யாவரும் க்ஷேமம், அவ்விடத்து க்ஷேமத்துக்கு அடிக்கடி எழுதி வர வேண்டியது என்று இரண்டு வரி போட்டால்தான் அவர்களுக்குப் பேனா மேலே நகரும். நெல் விலை, பெண்ணுக்கு வந்த வரன், மணியார்டர் வந்து சேராத சமாசாரம் எல்லாம் அதற்குப் பிறகுதான். தலை போகிற அவசரமானாலும் அந்த இரண்டு வரி வாசற்படியைத் தாண்டாமல் உள்ளே நுழைய முடியாது.

இது நமக்கே உரிய வழக்கம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எகிப்து மணலில் கிடைத்த ஒரு பழங் கடிதத்தைப் பற்றிப் படித்ததும் அந்தக் கர்வம் போய்விட்டது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டு. அப்பியோன் என்ற எகிப்திய வாலிபன் ரோமானியக் கடற்படையில் சேர்ந்து இத்தாலிக்குப் போய்ச் சேருகிறான். அங்கிருந்து தகப்பனாருக்கு எழுதுகிறான். முதல் காரியமாக, அப்பா சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று பிரார்த்திக்கிறான். அக்கா, அவள் மகள், தம்பி, ஒருவர் பாக்கியில்லை. பிறகு, கடலில் வந்த ஆபத்திலிருந்து தன்னைக் காப்பாற்றியதற்காகச் செராபிஸ் என்ற தெய்வத்துக்கு நன்றி சொல்கிறான். படியாக மூன்று பொற்காசு கிடைத்ததையும் மறக்காமல் எழுதுகிறான். நம்ம பிள்ளைதான்!

அந்தக் காலத்துக் கிரேக்க மொழிக் கடிதங்கள் பலவும் இப்படித்தான். எழுதுகிறவர் பெயர், பெறுகிறவர் பெயர், ஒரு வாழ்த்து, உடனே உடல் நலத்துக்கு ஒரு பிரார்த்தனை. இந்த வாரம் நான் சொல்ல வந்த கடிதமும் அதே அச்சில் வார்த்ததுதான். பிரார்த்தனை இருக்க வேண்டிய இடத்தில் பிரார்த்தனை இருக்கிறது. ஆனால் அதற்குள் தேடித் தேடிப் பார்த்தாலும் க்ஷேமத்தைக் காணோம்!

கிறிஸ்தவ நேயர்களுக்கு அது தெரிந்த கடிதம். புதிய ஏற்பாட்டில் கொலோசெயர் என்ற பெயரோடு இருக்கிறது. மற்றவர்களுக்காக ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

கொலோசே இருந்த மேடு இன்றைய துருக்கியின் தென்மேற்கில், ஹோனாஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. லைக்கஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு. தலைக்கு மேலே பெரிய மலை. ஒரு காலத்தில் கொடி கட்டிப் பறந்த ஊர். கி.மு. 401-ல் பாரசீக இளவரசன் சைரஸ் படையோடு போகும்போது அங்கே ஏழு நாள் தங்கினான். கூடப் போன ஸெனபோன், அது பெரிய பட்டணம், செழிப்பான பட்டணம் என்று எழுதி வைத்திருக்கிறார். அப்புறம் காலம் திரும்பிவிட்டது. பத்துப் பன்னிரண்டு மைல் தள்ளி லவோதிக்கேயா என்ற புதுப் பட்டணம் எழுந்தது. பணப் புழக்கத்துக்கும் கறுப்பு ஆட்டு ரோமத்துக்கும் பேர் போன ஊர். அதற்கு எதிரே எராப்போலி. அங்கே வெந்நீர் ஊற்றுகள் உண்டு. ஊற்று நீரில் கரைந்த சுண்ணாம்பு படிந்து படிந்து மலைச் சரிவே வெளேரென்று ஆகிவிட்டது. துருக்கியர் இன்று அதைப் பாமுக்கலே, அதாவது பஞ்சுக் கோட்டை, என்கிறார்கள். கொலோசேக்கு மிஞ்சியது சாயம் ஏற்றிய கம்பளி மட்டும். எக்ஸ்பிரஸ் வண்டிகள் நிற்காமல் போகிற ஸ்டேஷன் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊருக்குத்தான் சிறையிலிருந்து கடிதம் வருகிறது. எழுதியவர் பவுல் அடிகள். தமிழ்க் கத்தோலிக்கர்கள் வெகு காலம் அவரைச் சின்னப்பர் என்றே அழைத்து வந்தார்கள். நல்ல மொழிபெயர்ப்பு, பவுல் என்ற லத்தீன் பெயருக்குச் சின்னவன் என்றுதான் பொருள். எழுதிய காலம் கி.பி. 60-ஐ ஒட்டி என்பார்கள். சிறை இருந்தது ரோமாபுரியிலா, எபேசுவிலா என்று அறிஞர்களுக்குள் வழக்கு உண்டு. அவர் கருத்தை வைத்துச் சீடர் ஒருவர் எழுதியது என்று சொல்கிறவர்களும் நிறைய இருக்கிறார்கள். அந்த வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும். கடிதத்தைப் பார்ப்போம்.

பவுல் அந்த ஊருக்குப் போனதே இல்லை. அங்கே உள்ளவர்களில் அநேகர் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. சபையை உண்டாக்கியவர் எப்பாப்பிரா என்ற உள்ளூர்க்காரர். எங்கோ கேட்டு நம்பினார்; தம் ஊருக்கு வந்து தம் ஜனங்களிடம் சொன்னார். பக்கத்து ஊர்கள் இரண்டுக்கும் அவர்தான் போய் வந்திருக்கிறார்.

சபை என்றதும் கோபுரமும் மணிக்கூண்டும் நினைவுக்கு வர வேண்டாம். தொழுவதற்கென்றே மாற்றிக் கட்டிய கிறிஸ்தவ வீடுகளில் நமக்குக் கிடைத்த மிகப் பழையது யூப்ரடீஸ் நதிக்கரையில், டூரா-யூரோபோஸ் என்ற இடத்தில் இருக்கிறது. அதுவே கி.பி. 240-ஐ ஒட்டியதுதான். கொலோசே காலத்தில் யாராவது ஒருவர் வீட்டுக் கூடந்தான் சபை. லவோதிக்கேயாவில் நிம்பா என்பவர் வீட்டில் கூடினார்கள். இந்த நிம்பாவைப் பற்றி ஒரு வேடிக்கை. கிரேக்கத்தில் அந்தப் பெயர் இங்கே எழுதப்பட்டிருக்கிற விதத்தில், மேலே போடும் சிறு ஸ்வரக்குறி எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து ஆண் பெயராகவும் ஆகும், பெண் பெயராகவும் ஆகும். பழைய தமிழ் வேதாகமம் ஆணாகவே கொண்டது. பழைய பிரதிகளை ஒப்பிட்ட அறிஞர்களில் பெரும்பாலோர், அவள் வீடு என்று இருந்ததைப் பின்னால் நகல் எடுத்த சிலர் அவன் வீடு என்று மாற்றிவிட்டார்கள் என்கிறார்கள். பட்டா மாறுதல் அந்தக் காலத்திலேயே நடந்திருக்கிறது!

அப்படிக் கூடி என்ன செய்தார்கள்? ஐம்பது வருஷம் கழித்து, கி.பி. 112-ஐ ஒட்டி, கருங்கடல் ஓரத்து மாகாணத்தின் கவர்னர் பிளினி, சக்கரவர்த்தி டிராஜனுக்கு ஒரு ரிப்போர்ட் அனுப்பினார். குறித்த நாளில் பொழுது விடியுமுன் கூடுகிறார்கள். கிறிஸ்துவைத் தெய்வமாக வைத்து மாற்றி மாற்றிப் பாடுகிறார்கள். திருடுவதில்லை, சொன்ன சொல் தவறுவதில்லை, நம்பி ஒப்படைத்ததை இல்லை என்பதில்லை என்று சத்தியம் செய்துகொள்கிறார்கள். இதற்கு மேல் அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை. அகப்பட வேண்டும் என்று இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து பார்த்தார். அந்த இரண்டு பேரும் சபையில் ஊழியப் பொறுப்பு வகித்தவர்கள். கவர்னர் இதைச் சாதாரணமாக எழுதிக்கொண்டு போகிறார். நமக்குத்தான் கை நடுங்குகிறது.

கொலோசேக்கு வந்த கடிதத்திலும் அதே கூட்டந்தான் தெரிகிறது. பாட்டு உண்டு, ஒருவருக்கொருவர் புத்தி சொல்லிக்கொள்வது உண்டு, விழித்திருந்து பிரார்த்தனை செய்யுங்கள் என்ற வற்புறுத்தல் உண்டு.

இனி அந்த முதற் பிரார்த்தனைக்கு வருவோம். எப்பாப்பிரா சொல்லி உங்களைக் கேள்விப்பட்ட நாள் முதலாக விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று பவுல் தொடங்குகிறார். என்ன கேட்கிறார்? தேக ஆரோக்கியம் இல்லை. கம்பளி வியாபாரம் விருத்தியாக வேண்டும் என்று இல்லை. ஆண்டவன் சித்தம் இன்னது என்று புரிந்துகொள்கிற அறிவு உங்களுக்கு நிரம்ப வேண்டும் என்கிறார். அறிவு எதற்கு? அதற்கேற்ப நடப்பதற்கு. நடப்பது என்றால் என்ன என்பதை நாலு சொல்லில் விரிக்கிறார். காய்க்க வேண்டும், வளர வேண்டும், பலப்பட வேண்டும், நன்றி சொல்ல வேண்டும். மரத்தைப் பார்த்துப் பேசுகிறவர் மாதிரி இருக்கிறது. அதிலும் காய்ப்பதை முதலில் சொல்லி, வளர்வதைப் பிறகு சொல்கிறார். நம் தோட்டக்காரர் சண்டைக்கு வருவார். வளர்ந்த பிறகல்லவா காய்க்கும்? ஆனால் நல்ல காரியம் செய்யச் செய்யத்தான் மனிதன் வளருகிறான் என்று எடுத்துக்கொண்டால் வரிசை சரியாகவே இருக்கிறது.

பலப்பட வேண்டும் என்று கேட்கிறாரே, எதற்கு அந்தப் பலம்? தெய்வத்தின் மகிமையான வல்லமை அத்தனையும் உங்களுக்கு வேண்டும் என்று பெரிதாக எடுக்கிறார். மலையைப் புரட்டப் போகிறார்களோ என்று நாம் நிமிர்ந்து உட்காரும்போது, பொறுமைக்கும் நீண்ட சகிப்புக்கும் என்று முடிக்கிறார். முதல் தடவை படித்தபோது எனக்குச் சப்பென்று போய்விட்டது. கூட்டுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களைக் கேட்டால், அதற்கு அவ்வளவு பலமும் வேண்டித்தான் இருக்கிறது என்பார்கள்.

கடிதத்தின் கடைசியில் தமக்காகவும் பிரார்த்திக்கச் சொல்கிறார். ஒரு கதவு திறக்க வேண்டுமாம். சிறையில் இருப்பவர் கதவு என்றால் நாம் என்ன நினைப்போம்? அந்தக் கதவு இல்லை. நற்செய்தியைச் சொல்வதற்கு ஒரு கதவு! காலில் விலங்கு கிடக்கிறது, அதைப் பற்றி ஒரு விண்ணப்பமும் காணோம். கையெழுத்துப் போடும்போது மாத்திரம், என் விலங்குகளை நினைத்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி ஒரு வார்த்தை.

இவ்வளவு வற்புறுத்தி எழுதக் காரணம் இருந்தது. கொலோசேயில் வேறு சிலர் புறப்பட்டிருந்தார்கள். ஆத்ம வளர்ச்சிக்குச் சுருக்கு வழி அவர்கள் கையில் இருந்தது. இதைத் தொடாதே, அதைத் தின்னாதே; இந்தப் பண்டிகை, அந்த அமாவாசை; உடம்பை ஒறுக்க வேண்டும்; தேவதூதர்களைத் தொழ வேண்டும்; நான் தரிசனத்தில் கண்டேன், நீ கண்டாயா? இப்படிப்பட்ட பேச்சுக்கு எந்த ஊரிலும் கூட்டம் சேரும். கூட்டத்தில் புதிதாக வந்தவருக்கு, தாம் ஒரு படி கீழே நிற்கிறோமோ என்ற பயம் பிடித்துக்கொள்ளும். பவுல் இதற்குச் சொன்ன பதில் கடுமையானது. பார்வைக்கு ஞானம் மாதிரி இருக்கும், சரீர இச்சையை அடக்க ஒரு காசுக்கும் உதவாது என்கிற தோரணையில் தள்ளிவிடுகிறார். ஆனாலும் அந்த மோகம் லேசில் போகவில்லை. முந்நூறு வருஷம் கழித்து லவோதிக்கேயாவில் கூடிய குருமார் சங்கம், தேவதூதர்களை அழைத்துத் தனியே கூட்டம் போடக்கூடாது என்று மறுபடியும் ஒரு விதி எழுத வேண்டியிருந்தது.

எப்பாப்பிரா இப்போது பவுலோடு இருக்கிறார். ஊரை விட்டுத் தூரத்தில் இருக்கிற அவர், ஊருக்காகச் செய்கிற பிரார்த்தனையைச் சொல்லப் பவுல் எடுக்கிற சொல், கிரேக்க விளையாட்டுக் களத்தில் மல்லர்கள் மோதுவதற்கு வழங்கிய சொல். கண்ணை மூடி அமைதியாக உட்கார்ந்திருப்பது என்ற படம் அதில் இல்லை. வேர்க்க வேர்க்கப் பிடி போடுகிற படம் அது. ஜனங்கள் முதிர்ந்து உறுதியாக நிற்க வேண்டும், அதற்காகத்தான் மல்லுக்கட்டு.

எல்லாம் சரி. வளர்ந்தார்களா, இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கான பரீட்சையும் அதே தபாலில் வந்தது.

தபால் என்றால் சர்க்கார் தபால் அல்ல. ரோமானிய அரசின் அஞ்சல் ஏற்பாடு அரசாங்க வேலைக்கு மட்டும். மற்றவர்கள் போகிற ஆளிடம் கொடுத்து அனுப்ப வேண்டியதுதான். எபேசுவிலிருந்து என்றாலே சுமார் 120 மைல். ரோமாபுரியிலிருந்து என்றால் கடலும் தரையுமாக 1,000 மைலுக்கு மேல். தீகிக்கு என்ற நம்பிக்கையான மனிதர் கடிதத்தைக் கொண்டு வந்தார். கூட இன்னொருவன் வந்தான். உங்களில் ஒருவன் என்று கடிதம் அவனை அறிமுகம் செய்கிறது. பெயர் ஒநேசிமு.

அவனை ஊரார் அறிவார்கள். அறிமுகம் தேவையே இல்லை. பிலேமோன் வீட்டு அடிமை அவன். ஒநேசிமு என்றால் பயனுள்ளவன் என்று அர்த்தம். எஜமானர்கள் அடிமைகளுக்குச் சர்வ சாதாரணமாக இட்ட பெயர். சாமானுக்குப் பெயர் வைப்பது போல! ஓடிப்போனவன் என்றுதான் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். எஜமானோடு மனஸ்தாபம் ஏற்பட்டு, சமாதானம் செய்துவைக்கப் பவுலைத் தேடிப் போனவன் என்றும் இக்காலத்தில் சிலர் கருதுகிறார்கள். எப்படி இருந்தாலும் வீட்டை விட்டு விலகிப் போனான், ஏதோ நஷ்டம் அல்லது கடன் பாக்கியும் இருந்திருக்கலாம் என்பது கடிதத்தில் தெரிகிறது. போன இடத்தில் பவுலைச் சந்தித்துக் கிறிஸ்தவன் ஆனான்.

ஓடிய அடிமைக்கு அந்தக் காலத்தில் என்ன கதி என்பதற்குச் சாட்சிகள் இன்றும் இருக்கின்றன. பிடித்துக் கொடுப்பவருக்கு இனாம் தருவதாக அறிவிக்கும் ஓலைகள் எகிப்தில் கிடைத்திருக்கின்றன. நெற்றியில் சூடு போடுவதும் உண்டு. சற்றுப் பிற்காலத்து இரும்புக் கழுத்து வளையம் ஒன்று ரோமாபுரிப் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது. நான் ஓடிவிட்டேன், பிடித்துக் கொண்டுபோய் என் எஜமானிடம் விட்டால் பொற்காசு கிடைக்கும் என்ற கருத்து அதில் பொறித்திருக்கிறது. பேசுகிற வளையம்; அணிந்திருப்பவனுக்கு மட்டும் பேச்சு இல்லை.

இப்போது அந்தக் கூடத்தை நினைத்துப் பாருங்கள். தீகிக்கு கடிதத்தை எல்லோரும் கேட்க வாசிக்கிறார். எஜமானர்கள், மனைவிமார், குழந்தைகள், அடிமைகள் எல்லோரும் ஒரே அறையில். காய்க்க வேண்டும், வளர வேண்டும், சகிக்க வேண்டும் என்கிறது கடிதம். கிரேக்கன் என்றும் யூதன் என்றும், அடிமை என்றும் சுயாதீனன் என்றும் இனி இல்லை என்கிறது. ஒநேசிமு கதவோரம் நிற்கிறான். எல்லோருடைய கண்ணும் பிலேமோன் பேரில்.

பிலேமோனுக்கு இன்னொரு கடிதம் தனியாக வந்திருந்தது. மொத்தம் 25 வசனம். தனிக் கடிதம் என்று பேரே ஒழிய, அப்பியாளுக்கும் அர்க்கிப்புவுக்கும் அந்த வீட்டில் கூடும் சபைக்கும் சேர்த்தே முகவரி போட்டிருக்கிறார் பவுல். வீட்டு விவகாரத்தைச் சபைக்கு இழுத்துவிட்டாரே என்று பிலேமோனுக்குக் கோபம் வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

அந்தக் கடிதத்தைப் போல் ஒரு சிபாரிசுக் கடிதம் நான் படித்ததில்லை. கட்டளையிட எனக்கு உரிமை உண்டு, ஆனால் அன்பினால் கேட்கிறேன் என்கிறார். நான் கிழவன், கைதி என்கிறார். இவன் என் பிள்ளை, விலங்கோடு நான் பெற்ற பிள்ளை என்கிறார். முன்பு உனக்குப் பயனற்றவன், இப்போது உனக்கும் எனக்கும் பயனுள்ளவன் என்று அவன் பெயரை வைத்தே ஒரு சிலேடை. என்னை ஏற்பது போல் அவனை ஏற்றுக்கொள்; அவன் ஏதாவது கடன் பட்டிருந்தால் என் கணக்கில் எழுது; நான் கொடுத்துத் தீர்க்கிறேன், இதோ என் கையெழுத்து. அதோடு விட்டாரா? நீயே எனக்குக் கடன்பட்டவன் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு போடு! சொல்லமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே சொல்லிவிடுகிற சாமர்த்தியம் நம் பாட்டிமாருக்கு மட்டுந்தான் உண்டு என்று எண்ணியிருந்தேன்.

எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு சுற்றி வளைத்தவர், அவனை விடுதலை செய் என்று ஒரே சொல்லில் சொல்லியிருக்கக்கூடாதா? அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாக என்கிறார். கேட்டதற்கு மேலும் செய்வாய் என்று எனக்குத் தெரியும் என்கிறார். அந்த மேலும் என்ன என்பதைப் பிலேமோனிடமே விட்டுவிட்டார். பெரிய சபைக்கு எழுதிய கடிதத்திலோ, அடிமைகள் எஜமானர்களுக்குக் கீழ்ப்படியட்டும், எஜமானர்கள் நீதியாக நடக்கட்டும் என்றே இருக்கிறது. இந்த இடைவெளியில் பின்னால் எத்தனையோ பேர் புகுந்துகொண்டார்கள். 1830-களில் அமெரிக்காவின் ஜார்ஜியா ராஜ்யத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார், ஓடிப்போவது பாவம் என்று காட்டுவதற்காக நீக்ரோ அடிமைகளுக்குப் பிலேமோன் கடிதத்தை வைத்துப் பிரசங்கம் செய்தார். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். அப்படி ஒரு கடிதம் வேதத்திலேயே இல்லை என்று சிலர் முகத்துக்கு நேரே சொன்னார்கள். பாதிரியாரே இதைத் தம் அறிக்கையில் எழுதியிருக்கிறார். கடிதத்தை வாசித்தவரைவிட எழுந்து போனவர்களுக்குத்தான் அதன் சாரம் தெரிந்திருந்தது என்பது என் அபிப்பிராயம்.

பிலேமோன் என்ன செய்தார்? பதில் கடிதம் நம் கைக்கு வரவில்லை. ஆனால் அவமானமாகத் தோன்றியிருந்தால் அந்த ஓலையை அடுப்பில் போட அவருக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. போடவில்லை; அது பத்திரமாக இருந்தது, நகல் எடுக்கப்பட்டது, இன்றைக்கும் இருக்கிறது. கி.பி. 110-ஐ ஒட்டி, தண்டனைக்கு ரோமாபுரி கொண்டுபோகப்பட்ட இக்னேஷியஸ், எபேசு சபைக்கு எழுதிய கடிதத்தில் அவர்களுடைய தலைமைக் குருவை வாயாரப் புகழ்கிறார். அந்தக் குருவின் பெயர் ஒநேசிமு. அதே மனிதர்தான் என்று நினைக்க மனம் துள்ளுகிறது. ஆனால் தெருவுக்கு ஒருவனுக்கு இருந்த பெயர், ஆகையால் அடித்துச் சொல்ல முடியாது. கி.பி. 60-ல் பூகம்பம் வந்து லவோதிக்கேயாவைக் கவிழ்த்தது. அவர்கள் சர்க்கார் உதவி கேளாமல் தங்கள் பணத்திலேயே கட்டிக்கொண்டார்கள் என்று சரித்திர ஆசிரியர் டாஸிட்டஸ் எழுதுகிறார். கொலோசே காலப்போக்கில் ஒதுங்கி, கைவிடப்பட்டு, புல் முளைத்த மேடாயிற்று.

பிலேமோனுக்கு எழுதிய கடிதத்தின் கடைசியில் ஒரு சின்ன வேண்டுகோள் இருக்கிறது. உங்கள் பிரார்த்தனைகளால் நான் உங்களிடம் வந்து சேருவேன் என்று நம்புகிறேன், எனக்குத் தங்க ஓர் அறை ஏற்பாடு செய் என்று கேட்கிறார். சபைக்கு எழுதிய கடிதத்தில் காணாத சிறைக் கதவு இங்கேதான் தலை காட்டுகிறது. அறையை ஏற்பாடு செய் என்பது பிலேமோன் ஒருவருக்கு. உங்கள் பிரார்த்தனை என்கிற இடத்தில் கிரேக்கம் பன்மை. அந்தக் கூடத்தில் நின்றவர்கள் எல்லோரும் அதில் அடக்கம், கதவோரம் நின்றவனும்.

விருந்தாளிக்கு அறையைப் பெருக்கி, படுக்கை விரித்து, விளக்கு ஏற்றி வைக்கிற வேலை அந்த வீட்டில் முன்பெல்லாம் யாருடையது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்தத் தடவை அதை யார் செய்தார்களோ!